மூச்சுப்பையை யாரிடம் கொடுப்பது?

இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி, நேரே வெளிநோயாளர் பகுதியின் படி வரைக்கும் வந்து நின்றது. பின்னால் கொழுவியிருந்த பெட்டியில் வெங்காயச் சாக்குகள். சாக்குகளின் மேல் ஒரு மனிதர் மல்லாந்து கிடந்தார்.

பின்னேரம். வெயில் இன்னும் இறங்கவில்லை. மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினின் புகையும் புது வெங்காயத்தின் காரமும் கலந்து வந்த அந்த மணத்தை இன்றைக்கும் என்னால் மூக்கில் கொண்டுவர முடியும்.

எஞ்சின் நின்றதும் இன்னொரு சத்தம் கேட்டது. குறட்டை. கேட்பவருக்கு யாரோ நன்றாக நித்திரை கொள்வதுபோல இருக்கும். தலையில் அடிபட்டவரிடமிருந்து அந்தச் சத்தம் வந்தால் டொக்டர்மார் நாங்கள் ஓடுவோம். நாக்கு பின்னால் சரிந்து மூச்சு போகும் வழியை அடைக்கிறது என்று பொருள்.

ஓட்டி வந்தவர் கீழே குதித்தார். நாற்பதைத் தாண்டிய வயது. உப்புக் காற்றில் கறுத்த உடம்பு. மேலில் சேட்டில்லை. அதைக் கழற்றி அடிபட்டவரின் தலைக்குக் கீழே வைத்திருந்தார்.

“நான்தான் இடிச்சனான், டொக்டர். வளைவிலை ஆளைக் காணேல்லை. கெதியாப் பாருங்கோ.”

வீதியில் அடிபட்டவர்களைக் கொண்டுவந்து போடுகிறவர்கள் அநேகமாக ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: றோட்டில் கிடந்தார், தூக்கிக்கொண்டு வந்தோம். முதல் வார்த்தையிலேயே நான் இடித்தேன் என்று சொன்ன ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

தலைக்குள் கட்டிய இரத்தம்

அடிபட்டவரின் பெயர் சிவபாலன். புத்தூர் தோட்டக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். அச்சுவேலிச் சந்தைக்கு வந்துவிட்டுச் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தவர்.

இடித்தவர் பிலிப்பு. குருநகர்க் கடற்றொழிலாளி. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கடலுக்குப் போகத் தடை. பெண்சாதி பிள்ளைகளோடு அச்சுவேலியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கியிருந்தார். அந்தச் சொந்தக்காரரின் லாண்ட்மாஸ்டரில் சுமை ஏற்றிப் பிழைப்பு. தரையில் வண்டி ஓட்டப் பழகி அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

நான் அந்த ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர். இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இது தெரிந்ததுதான். மயக்க மருந்துக்காரர் என்றால் ஊசி போட்டு நித்திரையாக்குகிறவர் என்றுதான் சனங்கள் நினைப்பார்கள். உண்மையில் எங்கள் வேலை, நித்திரையாக்கியவருக்கு மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்வது. அதனால்தான் மூச்சுத் தடுமாறுகிறவர்கள் எந்தப் பகுதியில் இருந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள்.

சிவபாலனின் ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாக விரிந்திருந்தது. மூச்சு நாலைந்து முறை வேகமாக வரும், பிறகு நின்றுவிடும், வராதோ என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுபடி தொடங்கும். வாய்வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயை இறக்கினேன். அதில் ரப்பர்ப் பை ஒன்றைக் கொழுவிக் கையால் அமுக்கத் தொடங்கினேன்.

தலைக்குள் நடப்பதைப் படம் பிடித்துக் காட்டும் இயந்திரம் அன்றைக்கு எங்களிடம் இல்லை. கண்மணியையும் கைகால் அசைவையும் பார்த்துத்தான் முடிவெடுப்பது. அறுவைச் சிகிச்சை செய்யும் எங்கள் சேர்ஜன் அதிகம் கதைக்காத மனிதர். கண்மணியை ஒருமுறை பார்த்தார். ஒப்பரேசன் தியேட்டருக்கு என்று மட்டும் சொன்னார்.

ஜெனரேட்டரைப் போட்டார்கள். காதுக்கு மேலே எலும்பில் கைத்துளைப்பானால் துளை போட்டதும் கறுத்த இரத்தக் கட்டி வழிந்தது. கொஞ்ச நேரத்தில் விரிந்த கண்மணி மற்றதன் அளவுக்குச் சுருங்கி வந்தது. நான் முகமூடிக்குள் சிரித்தேன்.

ஆனால் மருந்தின் வேகம் இறங்கிய பிறகும் சிவபாலன் தானாக மூச்சு விடவில்லை. விட்ட ஒன்றிரண்டு மூச்சும் ஒரு குழந்தைக்குக்கூடப் போதாது.

எங்கள் மாப்பிள்ளை

செயற்கையாக மூச்சு விடும் இயந்திரம் ஒன்று எங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கத்தான் செய்தது. நோயாளர் விடுதியின் மூலையில் வெள்ளைத் துணியால் போர்த்து வைத்திருந்தோம். சோடித்து உட்கார்த்தியிருக்கிறது, ஒரு வேலையும் செய்வதில்லை என்பதால் மிஸிமார் என்று நாங்கள் கூப்பிடும் தாதிகள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

குடாநாட்டுக்கு மின்சாரம் நின்று காலமாகிவிட்டது. ஜெனரேட்டருக்குக் கிடைத்த எண்ணெய் தியேட்டருக்கும் மருந்துக் குளிர்பெட்டிக்கும் மட்டுமே காணும். இரவும் பகலும் ஒரு இயந்திரத்தை ஓட்ட எங்கே போவது?

எண்பத்து மூன்றுக்கு முன் கொழும்பில் பயிற்சி டொக்டராக இருந்தபோது அதே மாதிரி இயந்திரத்தின் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். தாளம் தப்பாமல் அது மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். நான் பாடம் படிப்பேன், சிலவேளை தூங்கியும் விழுவேன். அந்த ஆடி மாதக் கலவரத்துக்குப் பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது என் கையில் உடுத்த உடுப்போடு ஒரு மாற்றுச் சேலையும் இதயத்துடிப்புக் கேட்கும் குழாயும் மட்டும்தான் இருந்தன. இனி அந்த இயந்திரத்தை எங்கே காணப்போகிறேன் என்றெல்லாம் அப்போது யோசிக்கவில்லை. உயிரோடு வந்து சேர்ந்ததே போதும் என்று இருந்தது.

மாப்பிள்ளை எழும்பாவிட்டால் கைதான் வேலை செய்ய வேண்டும். எங்களிடம் இரண்டு மூச்சுப்பைகள் இருந்தன. ஒன்று தியேட்டருக்கு. மற்றதைச் சிவபாலனின் கட்டிலுக்குக் கொண்டுபோனோம்.

தவமணிக்குச் சொன்னது

சிவபாலனின் மனைவி தவமணி. அவவும் அவவின் தமையன் நடராசாவும் புத்தூரிலிருந்து வந்து விறாந்தையில் நின்றார்கள். இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு நிலைமையைச் சொன்னேன்.

அடிபட்ட மூளை வீங்கியிருக்கிறது. மூச்சு விடு என்று கட்டளை கொடுக்கும் இடமும் அதற்குள்தான் இருக்கிறது. அது திகைத்துப்போய் நிற்கிறது. மூச்சுக் குறைந்தால் உடம்பில் கெட்ட காற்றுத் தேங்கும். அது தேங்கினால் மூளை இன்னும் வீங்கும். வீங்கினால் மூச்சு இன்னும் குறையும். இந்தச் சுற்றை நாங்கள் வெளியிலிருந்து வெட்ட வேண்டும். அவருக்குப் பதிலாக நாங்கள் மூச்சு விட்டால், வீக்கம் வற்றும் மட்டும் ஆள் தாக்குப் பிடிக்கலாம்.

நடராசா எவ்வளவு நாள் என்று கேட்டார். தெரியாது என்றேன். தவமணி அதைக் கேட்கவில்லை. எப்படி அமுக்குவது என்று கேட்டா.

என் அம்மாவுக்குத் தொய்வு இருந்தது. மாரி தொடங்கினால் படுக்கமாட்டா. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, மூச்சை ஒவ்வொன்றாக இழுத்து எடுப்பா. சின்ன வயதில் நான் பக்கத்தில் இருந்து அம்மாவோடு சேர்ந்து மூச்சு விடுவேன். அம்மா இழுத்தால் நானும் இழுப்பேன். எனக்குத் தலை சுற்றும். அம்மாவுக்கு அதனால் ஒரு பலனும் இல்லை என்று தெரியாத வயது. சும்மா பார்த்துக்கொண்டிருக்க ஏலாமல் செய்தது. தவமணி எப்படி அமுக்குவது என்று கேட்டபோது ஏனோ அது நினைவுக்கு வந்தது. இந்த முறை சேர்ந்து மூச்சு விடுவதில் பலன் இருந்தது.

பழக்கினேன். இரண்டு கையாலும் பையைப் பிடித்து மெதுவாக அமுக்க வேண்டும். நெஞ்சு எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். விட்டுவிட்டு, நெஞ்சு முழுதாக இறங்கும் வரைக்கும் பொறுக்க வேண்டும். பயத்தில் வேகமாக அமுக்குவார்கள், அதுவும் கூடாது. அளவுக்கு மிஞ்சினால் மூளைக்குப் போகிற இரத்தம் குறைந்துவிடும்.

கைமாற்றுவதற்கும் ஒரு முறை வைத்தேன். வாங்குகிறவர் முதலில் கொடுப்பவரின் கைகளுக்கு மேலே தன் கைகளை வைக்க வேண்டும். இரண்டு மூன்று மூச்சுச் சேர்ந்து அமுக்கிய பிறகுதான் கீழே இருப்பவர் கையை உருவலாம். அப்படிச் செய்தால் இடையில் ஒரு மூச்சும் தவறாது.

முதல் நாட்களில் புத்தூரிலிருந்து அயலட்டைச் சனம் முறை வைத்துச் சைக்கிளில் வந்தது. மூச்சு நாங்கள் விட, மற்ற வேலைகளை மிஸிமார் செய்தார்கள். புஸ்பராணி மிஸி நேரத்துக்கு ஆளைப் புரட்டிப் படுக்க வைப்பா. குழாயில் சளி கட்டினால் காலால் மிதிக்கும் பம்பை மிதித்து உறிஞ்சி எடுப்பா. அந்தப் பம்பின் சீறல்தான் எங்கள் விடுதியின் மணிக்கூடு.

சைக்கிள் கொட்டிலில் ஒருவர்

பிலிப்பு வீட்டுக்குப் போகவில்லை. லாண்ட்மாஸ்டரைச் சொந்தக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்து, ஆஸ்பத்திரிச் சைக்கிள் கொட்டிலின் ஓரத்தில் ஒரு சாக்கைப் போட்டு இருந்துவிட்டார்.

முதல்நாளே விடுதிக்குள் வரப் பார்த்தார். நடராசா மார்பில் கை வைத்துத் தள்ளி வெளியே விட்டார். அடிக்கவில்லை. ஆனால் அந்தத் தள்ளலில் பிலிப்பு படியில் தடுக்கி விழுந்ததை நான் பார்த்தேன். எழும்பி, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அவர் வாசலுக்கு வரவில்லை. யன்னலுக்கு வெளியே நிற்பார். நடராசா வீட்டுக்கோ கடைக்கோ போன நேரங்களில் யன்னல் கம்பியைப் பிடித்தபடி உள்ளே பார்த்துக்கொண்டு நிற்பார். தவமணிக்குத் தெரியும். போகச் சொன்னதும் இல்லை, வரச் சொன்னதும் இல்லை.

ஒருநாள் நான் அந்தப் பக்கமாகப் போகையில், நீங்கள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கலாமே என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். வீட்டுக்குப் போனால் சாப்பிடச் சொல்லுவார்கள், சாப்பிட ஏலாமல் இருக்கிறது என்றார்.

பொம்மர் வந்த காலை

அந்தக் கிழமை நடுவில் சண்டை எங்கள் பக்கமாகத் திரும்பியது. வீதிகளில் ஷெல் விழத் தொடங்கியதால் புத்தூரிலிருந்து சனம் வருவது நின்றது. பைக்கு மிச்சம் தவமணியும் நடராசாவும்தான். தவமணியின் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. சாப்பிடும்போது சோற்றைப் பிசைய ஏலாமல் கரண்டி கேட்டா.

ஒரு காலை. விடுதியைக் கழுவி விட்டிருந்தார்கள். நிலத்தில் ஈரமும் பினாயில் மணமும். நடராசா தேத்தண்ணீர் வாங்க வாசல் கடைக்குப் போயிருந்தார். தவமணி பையோடு இருந்தா. நான் குழாயைக் கட்டியிருந்த நாடாவை மாற்றிக்கொண்டிருந்தேன்.

குண்டு போடும் விமானம், பொம்மரின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் கால் தானாகப் பங்கருக்கு, பதுங்குகுழிக்கு, ஓடும். நடக்கக்கூடிய நோயாளர்களைப் புஸ்பராணி மிஸி வெளியே அனுப்பினா. விடுதியில் நாலைந்து கட்டில்கள் மிஞ்சின.

முதல் குண்டு தூரத்தில். இரண்டாவது கிட்ட. சுவர்ச் சாந்து உதிர்ந்து வெள்ளைத் துப்பட்டியில் கொட்டியது. நாடா பாதி கட்டியபடி நின்றதால் குழாய் கழன்றுவிடக் கூடாதென்று நான் இரண்டு கையாலும் சிவபாலனின் வாயோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தேன். தவமணி அவரின் தலைக்கு மேலே குனிந்து, தன் முதுகை மேல்பக்கமாகக் கொடுத்துக்கொண்டு அமுக்கினா. அடுத்த குண்டின் அதிர்வில் என் பல் கிட்டியது.

அப்போது அவவின் கை நின்றது. விரல்கள் மடங்கியபடியே இறுகிவிட்டன. அமுக்கவும் ஏலவில்லை, விரிக்கவும் ஏலவில்லை. என்னால் குழாயை விட முடியாது.

“அண்ணை,” என்று கூப்பிட்டா.

தமையனைத்தான் கூப்பிட்டிருப்பா. நடராசா வாசல் பங்கருக்குள் இருந்தார். வெளியே ஓடிக்கொண்டிருந்த சனங்களுக்கு எதிர்ப்பக்கமாக, குனிந்தபடி உள்ளே வந்தது பிலிப்பு.

அவருக்கு யாரும் பழக்கவில்லை. யன்னலால் பார்த்திருந்ததுதான். தவமணியின் கைகளுக்கு மேலே தன் கைகளை வைத்தார். அவவின் விரல்களோடு சேர்த்து ஒரு மூச்சு. இன்னொன்று. தவமணி அவரின் முகத்தைப் பார்த்தா. எனக்கு அந்தப் பார்வை நீண்ட நேரம்போல இருந்தது. பிறகு கைகளை உருவி எடுத்துத் தன் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டா.

நெஞ்சைப் பார்த்து மெதுவாக அமுக்குங்கள் என்று நான் சொன்னேன். சொல்லத் தேவையிருக்கவில்லை. நெஞ்சு எழும்பியது, இறங்கியது, எழும்பியது. பிலிப்பின் உதடு அசைந்துகொண்டிருந்தது. செபம் சொன்னீர்களா என்று பிறகு ஒருநாள் கேட்டேன். இல்லை, தோணியில் தண்டு வலிக்கிற கணக்கு என்று வெட்கத்தோடு சொன்னார்.

பொம்மர் போன பிறகு நடராசா தேத்தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தார். தலைமயிர் முழுக்கப் புழுதி. தங்கச்சியை உயிரோடு கண்ட ஆறுதல் முகத்தில் வந்ததும், பையைப் பிடித்திருந்தவரைக் கண்டார். ஆறுதல் போய்விட்டது.

“எழும்பு,” என்றார்.

பிலிப்பு எழும்பவில்லை. கையை நிறுத்தவும் இல்லை. தவமணியைப் பார்த்தார்.

தவமணி தமையனிடம் சொன்னா: “அவர் பிடிக்கட்டும், அண்ணை. எங்களுக்குக் கை காணாது.”

நடராசா போத்தலை நிலத்தில் வைத்தார். கட்டிலின் மற்றப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். பிலிப்பின் கைகளையே கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூச்சுத் தவறினாலும் பாய்ந்துவிடுவார் போல இருந்தது.

எனக்கு அங்கே நிற்க நேரமிருக்கவில்லை. காயப்பட்டவர்கள் வாசலுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். நானும் மிஸிமாரும் தியேட்டருக்குள் போனோம். பொழுதுபடுகிற நேரம்தான் வெளியே வந்தேன். சிவபாலனின் கட்டிலில் நான் காணப்போவதை நினைத்துப் பயந்துகொண்டே போனேன்.

நடராசா அமுக்கிக்கொண்டிருந்தார். தவமணி சுவரோடு சாய்ந்து நித்திரை. பிலிப்பு கதிரையில், அடுத்த முறைக்காகக் கைகளைப் பிசைந்துகொண்டு. மூன்று பேரும் ஒரு முறை வகுத்திருந்தார்கள். இரண்டு ஆண்களும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை என்று பிறகு தவமணி சொன்னா. பேசாவிட்டாலும் கைமாற்றும்போது ஒருவர் கைமேல் மற்றவர் கை வைத்துத்தான் ஆகவேண்டும்.

இன்னும் எவ்வளவு நாளைக்கு?

அடுத்து வந்தது காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டியது. தொண்டையில் துளையிட்டு வாய்க்குழாயை எடுத்துவிட்டு அங்கே ஒரு குட்டைக் குழாயை வைத்தோம். சளி எடுப்பது சுலபமாயிற்று. புஸ்பராணி மிஸி எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்த மருந்தில் காய்ச்சலும் மெல்ல இறங்கியது. மூச்சு மட்டும் வரவில்லை.

சேர்ஜன் ஒருநாள் விறாந்தையில் என்னை மறித்தார். காயக்காரர் கூடிக்கொண்டே போகிறார்கள், தியேட்டரில் ஒரு பையை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது என்றார். இன்னும் எவ்வளவு நாளைக்கு என்று கேட்டார். அவர் கல் நெஞ்சக்காரர் இல்லை. அதற்கு முந்தின நாள்தான் மூச்சில்லாமல் வந்த ஒரு பெண்ணுக்குப் பை கிடைக்காமல் வாயால் ஊதி நாங்கள் தோற்றிருந்தோம்.

நான் இந்தக் கிழமை முடியட்டும் என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே சோதித்துப் பார்த்தேன். பையைக் கழற்றிவிட்டு, குழாயின் பக்கத்தில் ஒட்சிசனை மட்டும் விட்டு, நெஞ்சில் கையை வைத்துக் காத்திருந்தேன். கெட்ட காற்றுக் கொஞ்சம் கூடினால், திகைத்து நிற்கிற மூளை விழித்து மூச்சு விடு என்று சொல்ல வேண்டும். ஒருமுறை தோள்கள் எழும்பின. அவ்வளவுதான். உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது. பையை மறுபடி கொழுவச் சொன்னேன்.

தவமணி கொழுவி அமுக்கத் தொடங்கினா. ஒருமுறை முயற்சி செய்தார் என்று நானாகத்தான் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது நான் அவவின் முகத்தைப் பார்க்கவில்லை. கிழமை முடிந்தால் என்ன செய்வது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதை இந்த மூன்று பேரில் யாரிடம் முதலில் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

உள்ளுக்குள் ஒரு இழுப்பு

சொல்ல வேண்டி வரவில்லை.

கிழமை முடிய முன் ஒரு மதியம். பக்கத்துக் கட்டிலில் யாரோ பாண் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் விடுதியின் மறுகோடியில் ஒருவருக்கு ஊசி ஏற்றிக்கொண்டிருந்தேன். நடராசாவின் முறை. அவர் திடீரென்று கையைத் தளர்த்திப் பையைப் பார்த்தார். மறுபடி அமுக்கினார். மறுபடி பார்த்தார்.

பக்கத்தில் பிலிப்பு இருந்தார். நடராசா அவரை நோக்கித் திரும்பினார். அத்தனை நாளில் அந்த மனிதரிடம், எழும்பு என்றதற்குப் பிறகு, அவர் பேசிய முதல் பேச்சு அது.

“நீ ஒருக்காப் பிடிச்சுப் பார். உள்ளுக்கை இழுக்கிற மாதிரிக் கிடக்கு. எனக்கு மட்டுமோ தெரியேல்லை.”

பிலிப்பு அவரின் கைகளுக்கு மேலே கைகளை வைத்தார். நடராசா உருவி எடுக்கவில்லை. நாலு கையும் பையில் இருக்க, இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.

“ஓம்,” என்றார் பிலிப்பு. “இழுக்கிறார்.”

புஸ்பராணி மிஸி என்னைக் கூப்பிட்ட குரலில் நான் ஓடி வந்தேன். பையைக் கழற்றினேன். தொண்டைக் குழாயின் வாயில் ஒரு துளி பஞ்சைப் பிடித்தேன். பஞ்சு உள்ளே சாய்ந்தது. பிறகு பறந்து என் மணிக்கட்டில் ஒட்டியது. இன்னொரு துளி எடுத்தேன். அதுவும் சாய்ந்தது, பறந்தது. நெஞ்சு தானாக எழும்பி, தானாக இறங்கிக்கொண்டிருந்தது. சின்ன மூச்சுத்தான். ஆனால் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று வந்தது.

தவமணி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. அழுகிறா என்று நினைத்துக் குனிந்தேன். இல்லை. கணவரோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தா.

உடனே பையை விட்டுவிடவில்லை. களைத்துப்போவார். அவர் இழுக்கும்போது அதோடு சேர்த்து மெதுவாக அமுக்கிக் கொடுக்கச் சொன்னேன். இடைக்கிடை தனியே விட்டுப் பார்த்தோம். தனியே விடுகிற நேரம் நாளுக்கு நாள் நீண்டது. ஒருநாள் காலை நான் வந்தபோது பை யன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழுவித் தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்ஜன் முன்னால் மேசையில் வைத்தேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நல்லது என்றார். அவரிடமிருந்து அது பெரிய பேச்சு.

நடராசா மதியம் வாங்குப் பலகையில் படுத்து நித்திரை கொண்டபோது அவரின் கைகள் நெஞ்சின் மேல் அமுக்குவதும் விடுவதுமாக இருந்தன. தவமணி எத்தனையோ நாளுக்குப் பிறகு தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டியிருந்தா. பிலிப்பு முதல் தடவையாகச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எல்லோருக்கும் இப்படி அமையவில்லை. அந்த வருடங்களில் கையால் மூச்சுக் கொடுத்தவர்களில் பலரை இழந்தோம். நிறுத்துங்கள் அம்மா என்று நான் சொன்ன பிறகும் மகனுக்கு அமுக்கிக்கொண்டே இருந்த தாய் ஒருவர் இருக்கிறா. அவர்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அதனால்தான் சிவபாலனை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்று நினைக்கிறேன்.

அவருக்குத் தெரியாத விஷயம்

சிவபாலன் கண் திறந்தார். தொண்டைத் துளை மூடியது. அவர் முதலில் கேட்டது தோட்டத்தில் வெங்காயம் கிண்டியாயிற்றா என்று. இடது கையிலும் காலிலும் பலவீனம் இருந்தது. பெயர்கள் சிலவேளை மறந்தன. வீட்டுக்குப் போனார்.

சில மாதங்களுக்குப் பிறகு கிளினிக்குக்கு வந்தார். பிலிப்பு சைக்கிள் மிதிக்க, பின் கரியரில் சிவபாலன். தவமணி இன்னொரு சைக்கிளில். ஒரு காலை இழுத்து இழுத்து, ஆனால் யாரும் பிடிக்காமல் நடந்து வந்தார்.

மிஸி அவருக்கு நிறை பார்த்துக்கொண்டிருந்தபோது தவமணி என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனா. அடிபட்ட நாள் அவருக்கு அறவே நினைவில்லையாம். றோட்டில் விழுந்து கிடந்த தன்னைத் தூக்கிக்கொண்டு வந்த நல்ல மனிதர் என்றுதான் பிலிப்பை நினைத்துக்கொண்டிருக்கிறாராம். பிலிப்பு கிழமையில் பாதி நாள் வந்து தோட்டம் கொத்துகிறார், பயிருக்குத் தண்ணீர் மாறுகிறார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அவர் பலமுறை கேட்டுவிட்டாராம்.

“நான்தான் மறிச்சுக்கொண்டு வாறன், டொக்டர். வெங்காயம் நட்டு முடியட்டும், பேந்து சொல்லுவம் எண்டு.”

சொல்லிவிட்டு அவவுக்கே சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. அந்த முகத்தில் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு சிவபாலனை அறைக்குள் கூப்பிட்டுப் பார்த்தேன். கையை இறுக்கச் சொன்னேன். இடது கை நன்றாகத் தேறியிருந்தது. தொண்டைத் தழும்பு சுத்தமாக ஆறியிருந்தது. வழக்கமாகக் கேட்பதுபோல, அடிபட்ட நாள் ஏதாவது நினைவு வருகிறதா என்று கேட்டேன்.

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“நினைவில்லை. ஆனால் தெரியும். நான் வீட்டை போன கிழமையே ஊரிலை சொல்லிப்போட்டாங்கள்.”

அப்படியானால் ஏன் ஒன்றும் தெரியாதவர்போல இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

சேட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டே சொன்னார். இடது கை விரல்கள் பொத்தானைத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“இப்பவே அந்த மனுசன் என்ரை முகத்தைப் பார்க்கக் கஷ்டப்படுறார், டொக்டர். எனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சால் வாறதை விட்டிடுவார். அவர் வராத நாளிலை எனக்குக் கதைக்க ஆளில்லை.”

நான் மருந்துத் துண்டை எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு எழும்பினார். விறாந்தை வாங்கில் தலையைக் குனிந்தபடி இருந்த பிலிப்பின் தோளில் தட்டி, தண்ணீர் மாற நேரமாகிறது, வெளிக்கிடுவோம் என்றார்.